நட்சத்திரம் போட்ட சொல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். விடுதியில் ஜன்னலோரக் கட்டில் எனக்குக் கிடைத்தது.

மொழியியல் முகாமில் இந்த வாரம் ரஷ்யன், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகள். அவற்றுக்கெல்லாம் தாயான மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதன் சொற்களை மீட்கிறோம். கல்லுக்குக் 'காமி' என்று வந்தது. 'கல்லின்' என்றால் 'காமெனெ'. நம் மரம் 'மரத்தின்' ஆவதுபோல, வேற்றுமையில் சொல்லின் உருவம் மாறிவிடுகிறது. ஏழு வேற்றுமைகளையும் சரியாக எழுதியும் எனக்குப் பாதி மதிப்பெண்தான்.

"இந்தச் சொல்லை அவங்க பேசுனப்போ நீ நேர்ல போய்க் கேட்டியாம்மா?" என்றார் ஆசிரியை.

"இல்ல மிஸ்."

"அப்போ முன்னாடி நட்சத்திரம் எங்க? எழுத்துல கிடைக்காத சொல்லுக்கு அதைப் போடணும். எவ்வளவு பொருந்தினாலும் அது நம்ம ஊகம்தான்."

வகுப்பே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரி இப்போது என்னை "நேர்ல கேட்டவளே" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அப்பா, அம்மாவின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த மூன்று கடிதங்களிலும் "அம்மா நலம்" என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். முன்பெல்லாம் ஓரத்தில் அம்மாவும் ஏதாவது கிறுக்கியிருப்பாள். அந்த மூன்று இடத்திலும் பென்சிலால் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள இங்கே போன் கிடையாது.

கறுப்பு நூல், ஊசி, இரண்டு ஜோடி சாக்ஸ் அனுப்புங்கள். பார்சல் மேல் முகவரியை அம்மா எழுதட்டும். அவளால் முடியாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள். அந்த நட்சத்திரங்களை அழிக்க ரப்பர் அனுப்ப வேண்டாம், என்னிடமே இருக்கிறது.

உங்கள் மகள்