இரண்டு புள்ளிகள்

இன்று காலை மகள் சன்னல் கண்ணாடியைத் துடைக்க எதையோ தெளித்தாள். அம்மோனியா நெடி. அது மூக்கில் ஏறியதும் ஓமானில், சோஹார் கேம்ப்பில் நீ நிற்கிறாய். இத்தனை வருடமாக இந்த நெடியிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்தேன்.

நீ சைட் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன், நான் ஸ்டோர்கீப்பர். ஆறு கேம்ப்புகளின் வெள்ளிக்கிழமைக் கால்பந்து லீக்குக்குப் புள்ளிப் பட்டியல் எழுதுவது நீயாக எடுத்துக்கொண்ட வேலை. டிரேசிங் தாளில் மையால் கட்டம் போட்டு, அம்மோனியா மெஷினில் நகல் எடுத்து, ஆறு மெஸ்ஸிலும் ஒட்டிவிடுவாய். எண் தப்பினால் அடிக்க மாட்டாய். அரை பிளேடால் மையை மெல்லச் சுரண்டுவாய். "வெட்டி எழுதினா ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்பாய்.

கடைசி ஆட்டம் உன் கேம்ப்புக்கும் என் கேம்ப்புக்கும். நீங்கள் ஒரு புள்ளி முன்னால். கோல் காப்பவன் நீ. அந்த வாரம் பார்த்து, அம்மாவுக்கு நோய் கடுமை என்று யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. வேனில் ஏறும்போது பட்டியலையும் பிளேடையும் என் கையில் தந்தாய்.

"மச்சான், ரெண்டு கிழமையில வந்திடுவன். அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பிப்போடாதை."

"போய்ட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

உனக்காக ஆட்டத்தைத் தள்ளிப்போட்டும் மூன்றாவது வெள்ளியும் நீ வரவில்லை. ஊரில் சண்டை, கடிதமும் இல்லை. நீயில்லாமல் இறங்க மாட்டோம் என்றார்கள் உன் ஆட்கள். கேம்ப் பாஸ் சலித்துப்போய், "கலாஸ், போதும் பாய், பட்டியல் உங்கிட்டதானே இருக்கு, முடிச்சிடு" என்றார். இன்னும் ஒரு வாரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. உங்கள் அணி ஆட வரவில்லை என்று எழுதி, வெற்றிக்கான இரண்டு புள்ளிகளை எங்களுக்குப் போட்டேன். கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். அதில் நான்தான் அதிகமாகச் சிரிக்கிறேன்.

அடுத்த வாரம் மஸ்கட்டிலிருந்து உன் சித்தப்பா மகன் வந்தான். விமானம் பிடிக்க நீ கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் கண்ணிவெடியில் சிக்கியதாம். நீ பிழைக்கவில்லை.

"அண்ணை இங்க வரத்தான் அவசரப்பட்டவர். பைக்குள்ள பந்தடிக்கிற சப்பாத்து இருந்ததாம். பொலிஷ் போட்டு வச்சிருந்தவராம்."

அன்றைக்கே உன் பிளேடை எடுத்து அந்த இரண்டைச் சுரண்டினேன். உன் கைப்பதம் எனக்கு ஏது? தாள் கிழிந்துவிட்டது. நகல்கள் எல்லா மெஸ் சுவரிலும் அப்படியே இருந்தன.

கோப்பை எங்கே போயிற்றோ தெரியாது. கிழிந்த தாளும் துருப்பிடித்த பிளேடும் என்னிடம் இருக்கின்றன. கூடவே, யாரிடமும் சொல்லாத ஒன்றும். நீ எப்படியும் வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ கோலில் நின்றால் நாங்கள் தோற்போம் என்பதும் தெரியும். அதனால்தான் அந்த ஒரு வாரத்தைக் கேட்கவில்லை.