கசியாத கால்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் ரெஃபூஹியோ வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மெஹிகாலி வெயிலில் வயலுக்குப் போகாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்?

நம் மெக்சிகோ எல்லைக்கு வடக்கே, அமெரிக்கப் பக்கத்தில், பழைய மண் கால்வாய்க்குக் கான்கிரீட் போடுகிற வேலை எனக்கு. மே மூன்றாம் தேதி நம் கொத்தனார்கள் வழக்கப்படி கரையில் சிலுவை நட்டுக் காகிதப்பூ சுற்றினோம். மூத்தவன் என்று என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எப்போதும்போல, "கட்டுனது விரிசல் விடாம, சொட்டுத் தண்ணி கசியாம நிக்கணும் ஆண்டவரே" என்றேன்.

கூட வேலை செய்கிற எலூத்தேரியோ தெற்கே கை காட்டிச் சிரித்தான். "யோவ், உங்கப்பா கிணத்துக்கு இந்த மண் கால்வாய்க் கசிவுதானேய்யா போகுது? நல்லா வேண்டுன போ!"

நானும் சிரித்துவைத்தேன்.

நம் வயல், தாத்தா 1937-ல் வெளிநாட்டுக் கம்பெனியோடு மல்லுக்கட்டி வாங்கிய நிலம். அமெரிக்காக்காரர்கள் ஆற்றை மேலேயே அணை கட்டி மறித்தபோதுகூட, "மண்ணுக்கடியில வர்ற தண்ணி யாருகிட்டடா பாஸ்போர்ட் காட்டணும்?" என்று கேட்டீர்களே!

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மா சுட்ட கோதுமை ரொட்டி நாலு கொடுத்தனுப்புங்கள். கடை ரொட்டி அட்டையாக இருக்கிறது.

வேலைக்குக் கூட்டிப்போகிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். கிணற்றில் முடிச்சுக் கயிற்றை விட்டு, எத்தனை முடிச்சு நனைகிறது என்று எழுதுங்கள். எனக்காக "நல்லாத்தான் இருக்கு" என்று எழுத வேண்டாம். நான் போட்ட கால்வாய்ச் சுவர் முழுக்க நேற்று நடந்து தடவிப் பார்த்தேன், அப்பா. ஒரு விரிசல்கூட இல்லை.

உங்கள் மகன்
ரெஃபூஹியோ