மூன்று நாள் கிளம்பாத வண்டி

என் மாமாவுக்கு,

கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களை அப்படித்தானே கூப்பிட்டேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆன பிறகு புதிதாக வேறு என்ன சொல்லி எழுதுவது? உங்களை நலமா என்று கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதினால் அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். இந்த வாரம் நம் வேன் மூன்று நாள் கிளம்பவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

திங்கட்கிழமை காலை சாவி போட்டேன். செல்ஃப் அடித்தது, இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பேரிகை பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டு பெண்கள் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஜூஜுவாடி கம்பெனியில் எட்டரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் மாறி அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அரைநாள் சம்பளம் போய்விட்டது. கம்பெனிக்கு வண்டிகளை ஏற்பாடு செய்கிறவர் மத்தியானம் போன் செய்தார். வியாழக்கிழமையும் வரவில்லை என்றால் வேறு வண்டி போட்டுவிடுவேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த ட்ரிப்பை விட்டால் நமக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

தெருவில் இருக்கிற ஆம்பளைகள் எல்லோரும் அன்றைக்கு மெக்கானிக் ஆகிவிட்டார்கள். பேட்டரி போச்சு என்றார்கள். செல்ஃப் இவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதே, பேட்டரி எப்படிப் போயிருக்கும் என்று கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார்கள், அதே கதைதான். பிறகு தள்ளினார்கள். செகண்ட் கியரில் போட்டு கிளச்சை விட்டேன், ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. உதவி செய்த திருப்தியோடு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை பாகலூரிலிருந்து மெக்கானிக் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, டீசல் இருக்குதாம்மா என்பதுதான். டீசல் முள் வழக்கம்போலப் பாதியில் நின்றது. அது வருஷக்கணக்காக அங்கேதான் நிற்கிறது. நீங்கள் அதை நம்பியதே இல்லை. டேங்க் நிரப்பினால் நானூறு கிலோமீட்டர் ஓடும், அதற்குள் ட்ரிப் முடிகிற ஒருநாளில் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் நிரப்பிக்கொள்ள வேண்டும், அங்கேதான் விலை குறைவு. இதுதான் உங்கள் கணக்கு. நானும் அப்படியே ஓட்டுகிறேன். கடைசியாக நிரப்பியதிலிருந்து அன்றைக்கு முந்நூற்று எழுபதுதான் ஓடியிருந்தது.

"இருக்குதுண்ணா. அவரு கணக்கு தப்பாது" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இங்கேயும் அங்கேயும் தட்டிப் பார்த்துவிட்டு, டீசல் பம்ப்பைக் கழற்றி ஓசூருக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்றார். பழைய வண்டிதானே, வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது மாமா. எதையாவது விட்டுத் தொலைத்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. நீங்கள் இருந்தபோது எனக்கு இப்படி ஒருநாளும் தோன்றியதில்லையே, ஏன்?

புதன்கிழமை காலை சரோஜா வந்தாள். அந்தப் பன்னிரண்டு பேரில், வண்டியில் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளைச் சாவி திருகச் சொல்லிவிட்டு நான் சைலன்சருக்குப் பின்னால் போய் நின்றேன். இன்ஜின் சுற்றியது, புகை துளிகூட இல்லை. டீசல் போய் எரியாமல் இருந்தால் வெள்ளைப் புகையாவது வர வேண்டும். புகையே இல்லை என்றால் டீசலே உள்ளே போகவில்லை. டீசல் ஃபில்டர் மேலே இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்ப்பை அடித்தேன். வெறும் நுரையும் காற்றும்தான் வந்தன.

டேங்கில் குச்சி விட்டுப் பார்க்கலாமா என்று சரோஜா கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. தேவையில்லை, அவர் நானூறு என்று சொன்னால் நானூறுதான் என்று எரிந்து விழுந்தேன். அவள் சீட்டிலிருந்து இறங்கி வந்து கேட்டாள்.

"அண்ணன் ஓட்டுனப்ப இருந்த மாதிரியேவாக்கா இருக்குது வண்டி?"

நானே போய் டேங்க் மூடியைத் திறந்தேன். குச்சியை விட்டோம். நுனியில் கொஞ்சம் சகதி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

டீசல் தீர்ந்து நின்ற வண்டிக்கு மூன்று நாள் வைத்தியம். நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டில் நீங்கள் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற காகிதம். ஐந்நூறு என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். நானூற்றைம்பது என்று எழுதி அதையும் அடித்திருக்கிறீர்கள். அதற்குக் கீழேதான் நானூறு. வண்டி தளரத் தளர நீங்கள் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். கடைசியாக எழுதியதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். சரோஜா கேனை எடுத்துக்கொண்டு டீசல் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

டீசலை ஊற்றி, நுரை நிற்கும்வரை கை பம்ப்பை அடித்து, ஸ்க்ரூவை முறுக்கினேன். மூன்றாவது தடவை இருமிக்கொண்டு பிடித்தது. விலை கூட என்றாலும் நேராகப் பேரிகை பெட்ரோல் பங்க்குக்கே ஓட்டிப்போய் டேங்க் நிறைய அடித்தேன். உங்களுக்குத் தெரியாமல் எதையோ செய்கிற மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை எட்டு இருபதுக்குப் பன்னிரண்டு பேரையும் கேட்டில் இறக்கிவிட்டேன்.

திரும்பி வந்ததும் பேனாவை எடுத்து உங்கள் நானூற்றை அடித்தேன். உங்கள் எழுத்தின் மேல் நான் கோடு போட்டது அதுதான் முதல் தடவை. அதற்குக் கீழே முந்நூறு என்று எழுதியிருக்கிறேன். வண்டி இன்னும் தளரும், அப்போது அதையும் அடிப்பேன். காகிதத்தில் கீழே இடம் இருக்கிறது மாமா. ஓடுகிறவரைக்கும் நான் எழுதிக்கொண்டே வருகிறேன்.

இப்படிக்கு,
வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் பெண்டாட்டி,
ராதா