ஒற்றைக்குழலும் ஓர் உறுமலும்

இதனால் சகலருக்கும், முக்கியமாக உனக்கு, அறிவிப்பது என்னவென்றால்: பீரோ மேலிருந்த எண்ணெய்க் குப்பியை உன் மகன் இன்று காலை கவிழ்த்துவிட்டான். பாதி அவன் சட்டையில், மீதி அப்பாவின் தலையில். உயிர்ச்சேதம் இல்லை.

துப்பாக்கிக்குப் போடுவாயே, அந்த எண்ணெய்தான் அம்மா. வீடு முழுக்க அதே வாசம். சனிக்கிழமைகளில் நீ துப்பாக்கியைத் துடைத்துவிட்டுச் சோறு போடும்போது உன் கையில் மணக்கும். "வெஞ்சனத்துல புது மசாலாவாம்மா?" என்று கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன்.

குப்பியை எடுத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் உன் பெயரில் இருந்தது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். எனக்குப் பதினேழு வயது, கேட்டாலும் தரமாட்டார்கள். அப்பா கேட்டால் தரலாம். அவரோ கோயில் வேட்டுக்கே காதைப் பொத்துகிறவர். உன் கை பட்ட பொருள் வீட்டைவிட்டுப் போகிறதே, ஒருமுறை துடைத்தாவது அனுப்புவோம் என்று பார்த்தேன்.

அதை வாங்க நாம் திண்டுக்கல்லுக்குப் போனபோது எனக்குப் பதிமூன்று. கன்னிவாடி மலையடியிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகள் நம் மக்காச்சோளத்தை இரண்டு போகமும் உழுதுவிட்டிருந்தன. கடைக்காரர் முதலில் இரட்டைக்குழலை எடுத்து வைத்தார். பித்தளையில் மான் செதுக்கியது. "இதாம்மா, இதாம்மா" என்று குதித்தேன். நீ விலையைக் கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த பழைய ஒற்றைக்குழலைக் காட்டினாய். கடையிலேயே மலிவானது அதுதான்.

"அதுல ஒரு வெடிதான் தாயி. பன்னி தப்பிச்சு ஓடிருச்சுன்னா?"

"ஓடத்தானண்ணே வாங்குறேன்."

நடுவில் மடக்கித் திறந்து, குழலுக்குள் ஒரு கண்ணை வைத்து டியூப்லைட்டைப் பார்த்தாய். மூடினாய். தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் காதருகே ஆட்டினாய். மூட்டில் ஆட்டம் இல்லை. அதோடு விட்டாயா? திறந்தபடியே முழங்கையில் போட்டுக்கொண்டு கடையின் நீளத்துக்கும் நடக்க ஆரம்பித்தாய்.

"செருப்புக்கடைன்னு நெனச்சுட்டீகளோ?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"செருப்பு கடிச்சா காலோட போகும்ணே. சுடுறது வருசத்துக்கு ஒருக்க, தூக்குறது தெனமும். நடந்து பாக்க வேணாமா?"

அன்றிலிருந்து வரப்பில் அது உன் இடது முழங்கையில் மடிந்தே தொங்கியது, கைக்குழந்தை மாதிரி. எதிரே வருகிறவனுக்கு அது குண்டில்லாத வெறும் குழல் என்று தெரிய வேண்டும் என்பாய்.

"உரிமம் அம்மாவுக்கு, உறுமல் எனக்கு" என்று சொல்லித் திரிந்தவன் நான். ஒரு சாயங்காலம் சோளத்துக்குள் பதுங்கிப் பன்றிபோல உறுமினேன். நீ நின்றது தெரிந்தது. அந்தக் கதையை ஊரெல்லாம் விற்றிருக்கிறேன்: அம்மா குழலை மூடிக் குறிபார்த்தது, நான் இமைக்கவே இல்லை, பன்றிகளே ஏமாறும் குரல் என்னுடையது.

இன்று ஸ்டேஷனில், "தொறந்து காட்டுங்க" என்றார் காவலர். அப்பா என்னைப் பார்த்தார். நான் திறந்தேதான் கொண்டுபோயிருந்தேன், முழங்கையில். காவலர் வாங்கிக்கொண்ட பிறகும் என் கை நீளவில்லை. "வலிக்குதாலே?" என்றார் அப்பா. வீடு வரைக்கும் அப்படியே மடங்கிக் கிடந்தது.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாயங்காலம் நீ குழலை மூடவே இல்லை. முதல் உறுமலிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது. "ஏலே அப்பு, வெளிய வா. காப்பி ஆறுது" என்றாய். வெளியே வந்ததும் ஓர் அறை விட்டாய். அழுததும் நான்தான். ஊரில் சொன்னபோது அதை மட்டும் விட்டுவிட்டேன்.

இன்று ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் சோளத்துக்குள் போய் மறுபடி உறுமிப் பார்த்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் கல்லை விட்டெறிந்தார். நிஜப் பன்றி என்றே நம்பிவிட்டார் அம்மா. கல் முழங்காலில் பட்டது. வெளியே வராமல் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறுகிறது என்று யாரும் கூப்பிடவில்லை.