சாணை பிடித்த சிவப்பு மணி

பாய்,

ஆவடிக்குப் போகும் பட்டாள லாரிகளுக்காக ரோட்டில் சரளை கொட்டியிருக்கிறார்கள். இன்று காலை அதில் மஞ்சளாய் ஒரு கூழாங்கல் கண்ணில் பட்டது. துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கூட வந்தவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நனைந்தால்தான் கல்லின் நிறம் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு நீங்கள் கற்றுக் கொடுத்தது அது.

கொரட்டூர் ஏரியில் தூர் வாரும் வேலைக்கு நான் மேஸ்திரியாக இருந்தபோது, பழங்காலத் தாழி ஒன்று மண்வெட்டி பட்டு உடைந்தது. உள்ளே எலும்புத் துண்டுகளோடு, துளையிட்ட ஒரே ஒரு சிவப்புக் கல்மணி. பூந்தமல்லியில் மோதிரக் கல் இழைக்கும் உங்களிடம்தான் கொண்டு வந்தேன். நாக்கில் வைத்தீர்கள், வெயிலில் பிடித்தீர்கள்.

"இது நம்மூரு கல்லு இல்ல நைனா. கிஷ்ணா ஆத்தாண்ட கெடைக்கிற அகீக்குக் கல்லு. மஞ்சளாத்தான் கெடைக்கும். சாம்ப சூட்ல போட்டு செவக்க வச்சிகீறான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தாழி நம் மண்ணில் கிடைத்தால் கல் மட்டும் எப்படி வேற்றூர்க் கல்லாகும்? அது நம்மூர்க் கல்தான் என்று நிரூபிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களை வேப்பம்பட்டுக்கு அப்பால் வரை நடக்க வைத்தேன். பொறுக்கிய மஞ்சள் கற்களை, சிவக்கிறதா என்று பார்க்க, உமிச் சட்டியில் புதைத்து நெருப்பு மூட்டுவீர்கள். ஒவ்வொரு வாரமும் எல்லாம் பட்பட்டென்று வெடிக்கும். "உன் கல்லுக்கும் உன்ன மாறியே கோவம் கீது" என்று சிரிப்பீர்கள். அத்தனை சந்தோஷமான ஞாயிறுகள் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

பட்டணத்தில் பழம்பொருள் தெரிந்த பெரியவர் ஒருவர் மணியைப் பார்க்கச் சம்மதித்தார். அவர் சொல்வதை ஏற்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். முந்தின நாள் மணி உங்களிடம் இருந்தது. மங்கிய கல்லைக் கண்டால் உங்கள் கை சும்மா இருக்குமா? பெரிய மனிதர் பார்க்கப்போகிறாரே என்று சாணை பிடித்துப் பளபளப்பாக்கிவிட்டீர்கள். அவர் ஒரே பார்வையில், "கடைத்தெரு மணி, புதுசு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் நாலு பேர் கேட்க உங்களைத் திட்டினேன். "பொத்தல்ல நான் கை வெக்கல நைனா. உள்ள பாரு" என்றீர்கள். நான் பார்க்கவில்லை. அதன்பின் பூந்தமல்லிப் பக்கமே வரவில்லை. என் மேல்தான் தப்பு, பாய்.

நீங்கள் காய்ச்சலில் போன செய்தி அடக்கம் முடிந்த பிறகே எட்டியது. வாசலில் போய் நின்றேன். உங்கள் வீட்டம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை நீட்டினார்.

"உங்களுக்குன்னு கிஷ்ணா ஆத்துக்கே போய் எடுத்துகினு வந்தாரு. வருவீங்க வருவீங்கன்னு வச்சிகினு இருந்தாரு."

உள்ளே மஞ்சள் கற்கள். ஒன்றை மட்டும் சுட்டுச் சிவக்க வைத்து, குறுக்கே அறுத்திருந்தீர்கள். மணியில் ஓடும் அதே வெள்ளைக் கோடு அதிலும் ஓடியது; நீங்கள் சொன்ன கல்தான். அன்றுதான் மணியை வெயிலில் தூக்கி அதன் பொத்தலுக்குள் பார்த்தேன். இரு பக்கமும் குடைந்த துளை நடுவில் கோணலாகச் சேர்ந்திருந்தது. அந்தக் கோணலில், மணி பழசுதான் என்பதற்குச் சாட்சியாக, ஏரிக் களிமண் அப்படியே ஒட்டியிருந்தது. சாணை பிடித்த கை அதை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறது.

இன்றைய கல்லையும் உமியில் போட்டேன். வெடித்தது. சிரிக்க ஆளில்லை.

மணியை மடியில்தான் வைத்திருக்கிறேன். கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள் வீட்டில். கோத்தால் அந்த மண் உதிர்ந்துவிடும், பாய். கோக்கவில்லை.