நாற்பத்தைந்தாம் வருடத்து ஒயின்

குன்னூர்,
12.4.1964

என் அன்பானவளுக்கு,

மகளும் பேரனும் நலமென்று அறிந்து சந்தோஷம். நீ அனுப்பிய ஊறுகாய் ஜாடி வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை மதியம் பங்களாவில் விருந்து. சீமைக்குத் திரும்பிய பழைய துரை விட்டுச்சென்ற பிரெஞ்சு ஒயினை மானேஜர் திறந்தார். நாற்பத்தைந்தாம் வருடத்துச் சரக்கு, பெயர்பெற்ற வருடமாம். "நம்ம டீ டேஸ்டர் மொதல்ல சொல்லட்டுங்க" என்று என்னிடம் நீட்டினார். தேயிலை ருசி பார்க்கும் இருபது வருடப் பழக்கம் விடுமா? தேயிலைச் சாற்றைப் போலவே சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பூந்தொட்டியில் துப்பினேன்.

"பிரமாதமுங்க" என்றேன்.

அடுத்துக் குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் வேடிக்கை செய்ததாக நினைத்துச் சிரித்தார்கள். மானேஜர் சிரிக்கவில்லை. பட்லர் கொர்னேலியஸ் என் காதருகே குனிந்து, "ஏனுங்க, அது புளிச்சுக் காடியாப் போயிருச்சுங்களே, தெரியலீங்களா?" என்றார். சிலுவையில் ஆண்டவருக்குக் காடி கொடுத்ததைச் சொல்லும் பெரிய வெள்ளிப் பிரசங்கத்துக்கு வெளியே அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

காய்ச்சலோடு வந்த சளிதான் காரணமென்று மானேஜரிடம் சொன்னேன். "காய்ச்சல் விட்டு மூணு மாசம் ஆச்சுங்களே" என்றார். திங்கட்கிழமை முதல் ருசி பார்ப்பது இல்லை, எனக்கு ஸ்டோரில் வேலை. யாராவது கேட்டால், ஓய்வுக்காக நானே கேட்டு வாங்கியதாகச் சொல்.

இன்று ஊறுகாயைத் திறந்து சோற்றோடு தின்றேன். இந்தத் தடவை நீ உப்பே போடவில்லை, அப்படித்தானே? ஆமென்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்