வத்தல்மலைக்கு மூன்று நிமிடம்

2025 செப்டம்பர் 3, புதன்

இன்றும் காலை ரிப்போர்ட் 7.30-க்குத்தான் போனது. பிரபாகர் சார் 7.10-க்குக் கேட்கிறார். பால் கம்பெனி மேனேஜர்களுக்குப் பொறுமை இருக்காது போல. எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது?

ஊர்க்காரர்கள் பால் கொண்டுவந்து ஊற்றும் சென்டர் பதினேழு. ஏழு மணிக்கு எங்கள் சர்வர் ஒவ்வொரு சென்டரின் மெஷினையும் கேட்கும், இன்று எத்தனை லிட்டர் என்று. பாப்பிரெட்டிப்பட்டி நான்கு விநாடியில் பதில் சொல்லும். மற்றவை ஒரு நிமிடத்துக்குள். வத்தல்மலை மட்டும் வாரத்தில் பாதி நாள் இருபது, இருபத்தைந்து நிமிடம் வாயே திறப்பதில்லை. அதுவரை மொத்த ரிப்போர்ட்டும் கைகட்டி நிற்கிறது. எந்த டேட்டா சோர்ஸ் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கண்காணிப்பதுதான் என் வேலை. திரையில் அந்த ஒரு வரி சிவப்பு. மலையில் டவர் சரியில்லை, வேறென்ன.

செப்டம்பர் 4, வியாழன்

செட்டிங்கில் ஒன்றே ஒன்று மாற்றினேன். மூன்று நிமிடத்துக்குள் பதில் சொல்லாத சோர்ஸை சர்வர் விட்டுவிட்டுப் போய்விடும். 7.05-க்கு ரிப்போர்ட்!

செப்டம்பர் 8, திங்கள்

பிரபாகர் சார் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்: "ரெண்டு வருசமா ஆவாதத பிளசி ஒரே நாள்ல முடிச்சிட்டாங்க." வீட்டுக்கு வந்து ஜோவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர் தட்டிலிருந்து நிமிராமல் உப்பு கேட்டார். வீட்டுக்காரர்களே இப்படித்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

மீட்டிங். வத்தல்மலைப் பால் இந்த மாதம் பாதியாகிவிட்டதாம். சார் வரைபடத்தைக் காட்டினார். "நாப்பத்திமூணு வூட்டுப் பாலு. இதுவும் பாதியானா மலைக்கு வண்டி ஏத்தறது கட்டாதுங்க. ஒண்ணாந்தேதியோட நிறுத்திரலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்.

இடத்துக்கு வந்து நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 210 லிட்டர். மறுநாள் பூஜ்யம். பூஜ்யம். 211. பூஜ்யம். மாடு என்ன, லீவு போட்டுவிட்டா கறக்கும்?

பதில் வராத நாளையெல்லாம் சர்வர் பூஜ்யம் என்று போட்டிருக்கிறது. விட்டுவிட்டுப் போ என்று சொன்னவள் நான். பால் வந்துகொண்டுதான் இருக்கிறது. வண்டியில் வழியில் உள்ள ஊர்களின் பாலோடு கலந்து வருவதால் இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஊர்வாரியாகத் தெரிவது என் சர்வரில் மட்டும்தான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வத்தல்மலை சென்டரைப் பார்த்துக்கொள்ளும் மாது அண்ணனுக்கு போன் போட்டேன். இரண்டு வருடமாக அவருடைய வரியைப் பார்க்கிறேன், குரலை இன்றுதான் கேட்கிறேன். டவர் பிரச்சினையா என்றேன்.

"டவரெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். காலைக் கணக்க மூடுனாத்தான் மெஷினு உங்களுக்கு அனுப்பும். சாலம்மா வூடு ஓடைக்கு அந்தாண்ட. நாலு லிட்டரத் தூக்கிக்கிட்டு நடந்து வரணும். சில நாளு நேரத்துல வந்துரும், சில நாளு ஆவறதில்ல. மூடிட்டா மெஷினு அப்பறம் எடுக்காதுங்களே. அந்தம்மா பால எங்க ஊத்தறது?"

எத்தனை நாளாக இப்படி?

"சென்டர் தொறந்த நாள்லருந்துங்க. எல்லாரும் ஊத்துனப்பறந்தான் மூடறது. அதான் இங்க வழக்கம்."

இரண்டு வருடமாக ஒரு பெண்பிள்ளையின் நடையை அளந்து சிவப்பு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வண்டி நிற்கப்போவது மாது அண்ணனுக்கு இன்னும் தெரியாது போல. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

சொல்லிவிடலாம் என்று சார் அறை வரை போனேன். போனில் யாரிடமோ என் ரிப்போர்ட்டைப் பற்றித்தான் பெருமை பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். செட்டிங்கையும் தொடவில்லை. தொட்டால் ஏன் என்று கேட்பார்கள். த்தூ, நானும் ஒரு மனுஷி.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசைக்கு முன்னால் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம். சர்வர், மூன்று நிமிடம், பூஜ்யம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஃபாதருக்கு எவ்வளவு புரிந்ததோ. "இத உங்க மேனேஜர்கிட்ட சொல்லியாச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். பூசை முழுக்க அந்தக் கேள்வியோடுதான் முழங்காலில் இருந்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

சொல்லிவிட்டேன். "மலையில பால் கொறையல சார். நான் வச்ச செட்டிங்தான்." நாள்வாரித் தாளையும் நீட்டினேன். சார் பூஜ்யங்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"போன திங்கக்கெழமையே தெரியும் சார்."

திட்டியிருந்தால் தேவலை. டிரைவரைக் கூப்பிட்டு மலைவண்டி நிற்காது என்றார். எனக்கு ஒரு மெமோ. இனி அவர் கையெழுத்து இல்லாமல் எந்த செட்டிங்கையும் நான் தொடக் கூடாது. போகட்டும், வண்டி போகும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கையெழுத்து வாங்கி மாற்றினேன். பதில் வராவிட்டால் இனி பூஜ்யம் இல்லை, 'இன்னும் வரவில்லை'. பதினாறு சென்டரோடு ரிப்போர்ட் முதலில் போகும். வத்தல்மலை எப்போது வருகிறதோ அப்போது சேரும். பத்து நிமிட வேலை. அன்றே தோன்றவில்லையே.

அக்டோபர் 6, திங்கள்

'இன்னும் வரவில்லை' ஒரு நாள்கூட வரவில்லை. தினமும் ஐந்து விநாடியில் பதில் சொல்கிறது வத்தல்மலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டலாம் என்று மாது அண்ணனுக்கு போன் போட்டேன்.

"சாலம்மா மாட்ட வித்துருச்சுங்க மேடம். வண்டி வராதுன்னு டிரைவர் வெள்ளிக்கெழம வந்து சொன்னாரு. ஞாயித்துக்கெழம காலைல சந்தைக்கு ஓட்டிட்டாங்க. மறுநாளு வண்டி உண்டுன்னு சொல்றாங்க... என்ன பண்றது. இப்ப ஆருக்காவக் காத்திருக்கறது? ஏழு மணிக்கு முன்னயே மூடிர்றனுங்க."

ஞாயிறு காலை. நான் முழங்காலில் இருந்த நேரம். அதற்கு முந்தின புதன்கிழமையே சார் அறைக் கதவைத் தட்டியிருந்தால்—

பதினேழு வரியும் பச்சை. பிரபாகர் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லையே, இப்ப எல்லாம் கரெக்டா வருது" என்றார்.

வத்தல்மலை இன்று 206 லிட்டர். நாலு லிட்டர் குறைவு.